கொர்வெட் இசட்06: சூப்பர்சார்ஜரைக் கழற்றியது சரிதானா?

பெல்ட்_பிரியன்: 2015 மாடலாக வந்த செவர்லே கொர்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் சி7 (ஏழாம் தலைமுறை) இசட்06-ல் 6.2 லிட்டர் வி8, அதன் தலையில் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும் 1.7 லிட்டர் ஈட்டன் சூப்பர்சார்ஜர். 650 எச்பி, 881 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை), அதுவும் 3,600 ஆர்பிஎம்மிலேயே. அடுத்து வந்த சி8 இசட்06-ல் அதைத் தூக்கிவிட்டு, காற்றைத் தானே உறிஞ்சும் 5.5 லிட்டர் என்.ஏ. என்ஜினை வைத்தார்கள். 670 எச்பி, சரி. டார்க் 624 தான், அதற்கும் 6,300 வரை முறுக்க வேண்டும். இதற்குப் பெயர் முன்னேற்றமா?

ரெட்லைன்_ராசு: என்ஜின் டார்க்கை மட்டும் காட்டினால் எப்படி? சக்கரத்துக்குப் போவது கியர் பெருக்கிக் கொடுக்கும் டார்க். 8,600 வரை சுற்றும் என்ஜினுக்குக் கியர் விகிதத்தைத் தாராளமாகக் கூட்டி வைக்கலாம், விட்டதில் ஒரு பங்கு அங்கே திரும்பி வந்துவிடும்.

அப்புறம் சூடு. காற்றை அமுக்கினால் அது சூடாகும். அந்தச் சூட்டை இன்டர்கூலர் தண்ணீர் வாங்கிக்கொள்ளும், ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. டிராக்கில் விடாமல் லேப் அடித்தால் தண்ணீரே கொதிப்பேறிவிடும். என்ஜின் நாக் ஆகாமல் (எரிபொருள் தப்பான நேரத்தில் தானாக வெடிக்காமல்) இருக்க கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளும். காசு கொடுத்து வாங்கிய 650 எச்பி அப்போது எங்கே போகிறது? சி7 டிராக்கில் சூடாகிறது என்று வாங்கியவர்கள் சத்தம் போட்ட பிறகுதானே 2017 மாடலின் பானெட்டில் பெரிய வென்ட் வந்தது?

பெல்ட்_பிரியன்: வாய்க்கு வாய் டிராக் என்கிறீர்கள். இந்தக் கார்கள் பெரும்பாலும் ஓடுவது ரோட்டில். முன்னால் ஒரு டிரக்கைத் தாண்ட வேண்டும், மிதித்ததும் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். சி7-ல் கியரைத் தொடவே தேவையில்லை. சூப்பர்சார்ஜரை பெல்ட் நேராக கிராங்கிலிருந்து (என்ஜினின் சுழல் தண்டு) சுற்றுவதால், புகைக்காற்றால் சுற்றிக் காற்றை அமுக்கும் டர்போ மாதிரி அந்தப் புகை சேரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

ரெட்லைன்_ராசு: அந்த பெல்ட்டைச் சுற்றும் பவரும் அதே கிராங்கிலிருந்துதான் போகிறது, ஓசியில் வருவதில்லை. சி8-ன் டூயல் கிளட்ச் பெட்டி (இரண்டு கிளட்ச் வைத்துத் தானே கியர் மாற்றும் கியர்பாக்ஸ்) இரண்டு கியர் இறக்கக் கண் இமைக்கும் நேரம் போதும். மேலே 8,000-ல் அந்த பிளாட் பிளேன் கிராங்க் (கிராங்கின் வளைவுகள் ஒரே தளத்தில் இருக்கும் வகை) வி8 கத்துகிற கத்து இருக்கிறதே, சூப்பர்சார்ஜரின் ஊளைச் சத்தத்தை அதன் பக்கத்தில்கூட வைக்க முடியாது.

பெல்ட்_பிரியன்: சத்தத்துக்குப் போய் இவ்வளவு காசா! சி7-ல் ஏழு கியர் மேனுவலும் கிடைத்தது. சி8-ல் டூயல் கிளட்ச் மட்டும்தான். அதை மட்டும் நைசாக விட்டுவிட்டீர்களே.

ஓரமா_நிக்கிறேன்: நடுவில் ஒன்று. இசட்06-க்கும் மேலே உள்ள சி8 இசட்ஆர்1-க்கு அதே 5.5 லிட்டர் குடும்பத்து என்ஜினில் இரண்டு டர்போ மாட்டி 1,064 எச்பி எடுத்துவிட்டார்கள். சூப்பர்சார்ஜரை அவர்களே மதிக்கவில்லை போலிருக்கிறது.

ரெட்லைன்_ராசு: அதைத்தான் நானும் சொல்கிறேன்.

பெல்ட்_பிரியன்: நீங்கள் எங்கே சொன்னீர்கள்? காற்றை அமுக்காமலா 1,064 வந்தது? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள் ராசு.