குடுவையில் மஞ்சளாகி மேசையில் வெளுத்த பொடி: பந்து அரைவை அனுபவங்கள்

பாயான் பாரு ஆய்வு மாணவி எழுதியது:

வணக்கம். மருந்துப் பொடியைப் பாலிமருடன் சேர்த்து, சுழலும் குடுவைக்குள் கெட்டிப் பந்துகள் மோதி நொறுக்கும் பந்து அரைவை இயந்திரத்தில் (பால் மில்) அரைத்தவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் அரைத்தது இண்டோமெதசின் என்ற வலி, அழற்சி மருந்து. துணைக்குச் சேர்த்தது பிவிபி கே30 என்ற, நீரில் கரையும் பாலிமர். நீரில் எளிதில் கரையாத இந்த மருந்தின் படிக ஒழுங்கைக் குலைத்துவிட்டால் அது விரைவாகக் கரையும் என்பதே நோக்கம். சிர்கோனியா என்ற கடினமான பீங்கான் வகைக் குடுவையில் அதே சிர்கோனியாப் பந்துகளை இட்டு, பத்து நிமிடம் சுழலவிட்டு, பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தேன். அந்த ஓய்வு இயந்திரத்துக்காக அல்ல. படிக ஒழுங்கு குலைந்த இண்டோமெதசின் ஏறக்குறைய 42 பாகை செல்சியசிலேயே கண்ணாடி நிலையிலிருந்து, அதாவது ஒழுங்கின்றி இறுகிய நிலையிலிருந்து, இளகத் தொடங்கிவிடும். பந்துகள் மோதுகிற வேகத்தில் குடுவை அந்தச் சூட்டை எளிதாக எட்டிவிடுவதால், ஒரு பக்கம் நாம் உடைப்பதை மறுபக்கம் சூடு மீண்டும் படிகமாக்கிக்கொண்டிருக்கும். இதனால்தான் அரைவை இயந்திரத்தையே 4 பாகைக் குளிரறைக்குள் வைத்துக்கொண்டோம்.

நான் முதலில் கவனித்தது நிறத்தை. வெள்ளையாக உள்ளே போன பொடி, சில மணி நேரம் கழித்து இளமஞ்சளாக வெளியே வந்தது. படிகமற்ற இண்டோமெதசினுக்கு இயல்பாகவே மஞ்சள் நிறம் உண்டு என்பதால், எக்ஸ் கதிர்ச் சோதனைக்கு அனுப்பும் முன்பே பாதி விடை கிடைத்துவிட்டது. அந்தச் சோதனையின் வரைபடத்தில், படிகத்துக்கு உரிய கூர்மையான முகடுகள் இருந்த இடத்தில் ஒரே அகன்ற மேடு மட்டும் தெரிந்தது. ஆனால் மேடு தெரிந்த மாத்திரத்தில் மகிழ்ந்துவிடக் கூடாது. மருந்து படிக ஒழுங்கை இழந்துவிட்டது என்பதற்குத்தான் அது சான்றாகுமே தவிர, பாலிமருடன் மூலக்கூறு அளவில் கலந்துவிட்டது என்பதற்கு அல்ல. அதற்கு, பொடியைச் சூடேற்றி அது எங்கே இளகுகிறது என்று காட்டும் டிஎஸ்சி சோதனையின் வரைபடத்தில், மருந்தின் இளகு வெப்பநிலைக்கும் பிவிபியின் ஏறத்தாழ 160 பாகைக்கும் இடையில் ஒரே ஒரு இளகு மாற்றம் தெரிய வேண்டும். இரண்டு தெரிந்தால் இரண்டும் அருகருகே நொறுங்கிக் கிடக்கின்றன என்றுதான் பொருள். என் முதல் தொகுதியில் இரண்டு தெரிந்தன. அரைவை நேரத்தைக் கூட்டிய பிறகே ஒன்றாயின.

இனி என் தவறு. இரவில் அரைவை முடிந்த குடுவை விடியும்வரை குளிரறையிலேயே இருந்தது. காலையில் அதை எடுத்துவந்து ஆய்வு மேசையில் வைத்து உடனே திறந்தேன். மைலோ ஐஸ் குவளை வியர்ப்பதுபோல் குடுவையின் வெளிப்புறம் வியர்த்திருந்ததைப் பார்த்தும், உள்ளேயும் அப்படியே நடக்கும் என்று அப்போது தோன்றவில்லை. பினாங்குக் காற்றின் ஈரப்பதத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிவிபி அந்த ஈரத்தைக் குடித்தது. குடித்த நீர் பாலிமரை இளக்கியது. இளகியதும் மருந்தின் மூலக்கூறுகளுக்கு நகர இடம் கிடைத்தது. கரண்டியில் எடுத்த பொடி உதிராமல் கட்டியாக விழுந்தது. ஒரு வாரத்தில் அந்தக் கட்டிகளின் மேற்பரப்பு வெளுக்க ஆரம்பித்தது. எக்ஸ் கதிர்ச் சோதனையில் பழைய முகடுகள் தலைகாட்டின. பொடியின் உட்புறத்தைவிட மேற்பரப்பில் மூலக்கூறுகள் வேகமாக நகரும் என்று பாடத்தில் படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

வீட்டில் அம்மா மல்லியும் மிளகாயும் மில்லில் அரைத்து வந்தால், நாளிதழில் பரப்பி ஆறவைத்த பிறகே டின்னில் அடைப்பார். சூடு ஆறாமல் மூடினால் தூள் வியர்த்துக் கட்டியாகும் என்பார். நானோ, குளிர் ஆறாமல் திறந்துவிட்டேன்.

பிறை தொழிற்சாலைக்காரர் எழுதியது:

தங்கை எழுதியதைப் படித்தேன். நான் ஆய்வாளன் அல்லன். அரைத்த பொடியை மாத்திரைக் கூட்டில் நிரப்பும் பகுதியில் இருந்தவன். ஆய்வுக்கூடத்தார் கரைதிறன் கூடியது என்று மகிழ்ந்து அனுப்பும் பொடி, எங்கள் கைக்கு வரும்போது ஓட மறுக்கும். துகள் சிறுத்தால் அதன் எடையைவிட ஒட்டும் விசை மேலோங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, அரைபடும்போது ஏறிய மின்னேற்றத்தால் பிளாஸ்டிக் புனலின் சுவரெல்லாம் பொடி அப்பிக்கொள்ளும். ஒருமுறை 30 கிராம் பொடியை அளவுருளையில் கொட்டியபோது 100 மில்லிலிட்டர் வரை நின்றது. தட்டித் தட்டி அமுக்கியதும் 65க்கு இறங்கியது. தட்டியதும் பொடி எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்கும் கார் குறியீட்டுக் கணக்கில் இது 35 விழுக்காடு. 25ஐத் தாண்டினாலே புனலில் ஓட்டம் தடைபடும் என்று எதிர்பார்க்கலாம். அன்று நிரப்பிய கூடுகளில் ஒன்றின் எடை மற்றதற்கு ஒத்துவரவில்லை.

வழக்கமாக இப்படிப்பட்ட பொடியை நீர் விட்டுக் குருணையாக்குவோம். இங்கே அது முடியாது. நீர் பட்டால் தங்கை சொன்ன கதைதான். ஆகவே உருளைகளுக்கிடையே உலர் நிலையிலேயே அழுத்தித் தகடாக்கி, உடைத்து, சலித்துக் கொடுத்தோம். நேரம் பிடித்தது, ஆனால் ஓடியது. இன்னொன்றும் சொல்கிறேன்: நீண்ட நேரம் அரைத்தால் துகள் சிறுத்துக்கொண்டே போகும் என்று நினைப்பது தவறு. ஒரு கட்டத்துக்குப் பிறகு சிறு துகள்கள் ஒன்றோடொன்று அமுங்கி ஒட்டிப் பெரிய திரளாகிவிடும். எட்டு மணி நேரப் பொடியைவிட நான்கு மணி நேரப் பொடி நுண்ணியதாக இருந்ததை நான் சலித்துப் பார்த்திருக்கிறேன்.

செந்தூல்வாசி எழுதியது:

என்னுடைய அனுபவம் குறுகியது. இதே முறையில் இப்யூபுரோஃபன் என்ற வலி மருந்தை பிவிபியுடன் அரைத்தேன். அது 76 பாகைக்கு அருகிலேயே உருகிவிடும். அதன் கண்ணாடி மாற்ற வெப்பநிலையோ, அதாவது கண்ணாடி நிலையிலிருந்து இளகத் தொடங்கும் வெப்பநிலையோ, சுழிக்கு 45 பாகை கீழே. அப்படிப்பட்ட மருந்தே பாலிமரை இளக்கிவிடும் என்று யோசிக்காமல் இறங்கினேன். குடுவையைத் திறந்தபோது பொடியே இல்லை. சுவரிலும் பந்துகளிலும் கம்மர்கட்போல அப்பிய ஒரு படலம்தான் இருந்தது, சுரண்டியெடுக்க அரை நாளாயிற்று. பிறகு எஃகுக் குடுவைக்கு மாறினேன். அதில் வேறொரு மருந்தை அரைத்தபோது பொடி இலேசான சாம்பல் நிறமானது. பந்துகளின் தேய்மானம்தான், தொகுதியை முழுவதுமாகக் கொட்டிவிட்டோம். அக்காவிடம் ஒரு கேள்வி: குளிரறையிலிருந்து எடுத்த குடுவையை இப்போது எவ்வளவு நேரம் கழித்துத் திறக்கிறீர்கள்?

பாயான் பாரு ஆய்வு மாணவி எழுதியது:

தம்பி, மூன்று மணி நேரம். மூடியின் இணைப்பைச் சுற்றி பாராஃபின் படலம் ஒட்டி, சிலிகா ஜெல் இட்ட பெட்டிக்குள் அறை வெப்பத்துக்கு வரவிட்டு, வெளிப்புறம் உலர்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகு, உலர் நைட்ரஜன் நிரப்பிய, பொருத்திய கையுறைகள் வழியாகக் கைவிட்டு வேலை செய்யும் மூடிய பெட்டிக்குள் திறக்கிறேன். அப்படித் திறந்த தொகுதியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை உலர்கலனிலும் மறுபாதியை மேசையில் மூடாமலும் வைத்தேன். மேசையில் இருந்தது இரண்டாம் வாரத்திலேயே வெளுத்துவிட்டது. உலர்கலனில் இருப்பது நான்கு மாதங்களாகியும் மஞ்சளாகவே இருக்கிறது. மாதந்தோறும் எக்ஸ் கதிரில் பார்த்துவருகிறேன்.