ஐந்து வயதுக் குழந்தைக்கு ரோபோ பெட்டி அவசியமா?

கேள்வி:
எங்கள் மகளுக்கு ஐந்து வயது. பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள ரோபோ பெட்டியை (பாகங்களை இணைத்து ரோபோ செய்யும் தொகுப்பை) வாங்கி இப்போதே பழக்கினால்தான் பின்னாளில் அறிவியலிலும் கணினியிலும் ஆர்வம் வரும் என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். வீட்டில் இருக்கும் பொருள்களைக் கொண்டே விளையாட்டாகக் கற்பிக்க வழியுண்டா? கணினி சார்ந்த சிந்தனையைத் திரையில்லாமல் தொடங்க இயலுமா?

மறுமொழி (தொடக்கப் பள்ளி ஆசிரியை):
அந்தப் பெட்டிக்கு இப்போது அவசரமில்லை. குழந்தை தானே மாற்றிப் பார்க்க இடம்கொடுக்கும் பொருள் எதுவாயினும் போதும். விளையாட்டுக் களிமண்ணை உருட்டி வாளித் தண்ணீரில் போடுவதற்கு முன் "மிதக்குமா, மூழ்குமா?" என்று கேளுங்கள், உருண்டை மூழ்கியதும், அதே களிமண்ணைக் கிண்ணமாக விரித்து மிதக்கவிடச் சொல்லுங்கள். விளிம்பை உயர்த்துவது, ஓட்டையை அடைப்பது, புளியங்கொட்டைகளை ஏற்றி எத்தனை தாங்குகிறது என்று எண்ணுவது என அவளே அதை வளர்த்துக்கொண்டு போவாள். மண்பாண்டக் களிமண் வேண்டாம், கரைந்து வாளியே சேறாகிவிடும்.

கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா, மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் 1978இல் பணியாற்றியபோது, தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் இணைத்து வடிவங்கள் செய்யும் முறையை உருவாக்கினார். அப்படிச் செய்த சதுரத்தை லேசாக அழுத்தினாலே சாய்ந்துவிடும், முக்கோணமோ அசையாது. கூரைச் சட்டங்களிலும் மின்கோபுரங்களிலும் முக்கோணங்கள் நிறைந்திருப்பதன் காரணத்தைக் குழந்தையின் விரல்களே உணர்ந்துவிடுகின்றன. மருந்து முனையைக் கிள்ளிவிட்டே குச்சிகளைக் கொடுங்கள்.

மறுமொழி (மென்பொருள் துறையில் இருக்கும் ஒரு தந்தை):
திரை தேவையேயில்லை. 1967இல் உருவான லோகோ என்ற கணினி நிரல் மொழியைக் கொண்டு, தரையில் ஊரும் ஆமை வடிவ இயந்திரத்தைக் குழந்தைகள் பின்னர் இயக்கினார்கள். அந்த ஆமையாக நீங்களே மாறலாம். சாக்பீஸால் பாண்டிக் கட்டங்களை வரைந்து, "இரண்டு அடி முன்னே, வலப்பக்கம் திரும்பு" என்று மகள் சொல்வதை மட்டும் செய்யுங்கள். அவள் தவறாகச் சொன்னால் சுவரில் முட்டிக்கொண்டு நில்லுங்கள், சிரித்துக்கொண்டே கட்டளையைத் திருத்துவாள். பின்னர் விரும்பினால், 5 முதல் 7 வயதினருக்காக 2014இல் வெளிவந்த ஸ்கிராட்ச் ஜூனியர் செயலி இருக்கிறது; எழுத்தறியாத குழந்தையும் கட்டளைகளைக் குறிக்கும் படக் கட்டைகளைத் திரையில் அடுக்கி அதில் கதை செய்யலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஒரே ஓர் ஐயம்: "ஏன்?" என்று அவள் கேட்கும்போது எனக்கே விடை தெரியாவிட்டால் என்ன செய்வது?

மறுமொழி (ஆசிரியை):
உடனே விளக்கத் தொடங்காமல், "எதை மாற்றிப் பார்க்கலாம்?" என்று திருப்பிக் கேளுங்கள். காகிதக் காற்றாடி ஏன் சுற்றுகிறது என்றால், அதே காகிதத்தை மடிக்காமல் தட்டையாகக் குத்திக் காற்றில் காட்டச் சொல்லுங்கள். பிறகு இறக்கைகளை எதிர்ப்புறமாக மடித்தால் எந்தப் பக்கம் சுற்றும் என்று கேளுங்கள். காற்று சாய்வின் மீது மோதித் தள்ளுகிறது என்பதை அதன்பின் ஒரே வரியில் சொன்னால் போதும். தம்பி தங்கை கைக்குழந்தையாக இருந்தால் மட்டும் வால்வு டியூப் துண்டுகளையும் புளியங்கொட்டைகளையும் எட்டாத இடத்தில் வையுங்கள்.