ஜெபம் பண்ணி எந்திரிச்ச உடனே திரும்பவும் கவலை வந்துருது, இது விசுவாசக் குறைவா?

பாளை_தங்கச்சி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன், தெரிஞ்சவங்ககிட்ட கேக்க ஒரு மாதிரி இருக்கு, அதான் இங்க எழுதுறேன். எங்க வீட்டுக்காரர் சவுதில தம்மாம்ல ஒரு கம்பெனில எலக்ட்ரீஷியனா இருக்காரு. அவரு இக்காமா (அங்க தங்கி வேலை பாக்குறதுக்கான அனுமதி அட்டை) முடிஞ்சு போச்சு, கம்பெனி இன்னும் புதுப்பிச்சுத் தரல, சம்பளமும் இழுத்து இழுத்துதான் வருது. வெளிய போனா செக்கிங்ல புடிச்சிருவாங்கன்னு ரூமும் சைட்டுமா கெடக்காரு. இங்க வீட்டு லோன், பெரியவ பிளஸ் டூ, மாமியாருக்கு சுகர், எல்லாம் என் தலைல.

ராத்திரி பிள்ளைங்கள வச்சு குடும்ப ஜெபம் பண்ணி முடிச்சு படுக்கும்போது மனசு லேசாத்தான் இருக்கும். அப்புறம் மூணு மணி வாக்குல முழிப்பு வந்துரும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், உடனே போனை எடுத்து அவரு லாஸ்ட் சீன் எப்போன்னு பாப்பேன். அங்க பன்னெண்டரைதான் ஆயிருக்கும். ஆன்லைன்ல இருந்தா ஏன் இன்னும் தூங்கலன்னு பயம், இல்லன்னா என்னாச்சோன்னு பயம். திரும்ப முழங்கால் போடுவேன், எந்திரிச்சதும் அதே கவலை வந்து நிக்கும்.

போன வாரம் உபவாச ஜெபத்துல ஒரு அம்மாகிட்ட இத சொன்னேன். "கவலைப்படுறதே பாவம், உனக்கு விசுவாசம் இருந்தா பயம் வராது, அதான் பதில் வராம நிக்குது"ன்னுட்டாங்க. அதுல இருந்து ஜெபத்துல உக்காந்தாலே என் பயத்தாலதான் அவருக்கு காரியம் தடையாகுதோன்னு தோணுது. உண்மையிலேயே அப்படித்தானா? ஒன்றுக்குங் கவலைப்படாதீங்கன்னு சொல்ற பிலிப்பியர் 4:6 மனப்பாடமா தெரியும், ஆனா எனக்கு நடக்க மாட்டேங்குதே.

---

கல்ஃப்_ரிட்டர்ன் எழுதியது:

தங்கச்சி, மொதல்ல அந்த அம்மா சொன்னத மனசுல இருந்து எடுத்துப் போடுங்க. நீங்க சொல்ற பிலிப்பியர் நிருபத்தையே எடுத்து ரெண்டாம் அதிகாரத்துல இருந்து வாசிங்க. "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்"னு எழுதுன அதே பவுல், தன்னோட உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்து சாகக் கெடந்து பொழச்சத பத்தி சொல்லும்போது "துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு" தேவன் எனக்கும் இரங்கினார்னு எழுதுறாரு. கொரிந்தியருக்கு எழுதுன ரெண்டாம் நிருபம் 11:28ல இன்னும் வெளிப்படையா, எல்லாச் சபைகளைக் குறித்தும் உண்டாயிருக்கிற கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறதுன்னு சொல்றாரு. நாள்தோறும்! அப்போ பவுலுக்கு விசுவாசம் இல்லன்னு அந்த அம்மா சொல்வாங்களா? அவரு பிலிப்பியருக்கு எழுதும்போது கட்டப்பட்டு காவல்ல இருக்காரு, கேஸ் எப்படி முடியும்னு அவருக்கே தெரியாது, பொழைக்கிறதோ சாகுறதோ ரெண்டுக்கும் ரெடியா இருக்கேங்குற நெலமைல இருந்துதான் அந்த வசனம் வருது. அது கவலை வந்தவங்கள அதட்டுறதுக்கு எழுதுனது இல்ல, கவலை வரும்போது அத எங்க கொண்டு போகணும்னு சொல்றதுக்கு எழுதுனது.

இன்னொண்ணு, அந்த வசனத்துல விண்ணப்பங்களை "தெரியப்படுத்துங்கள்"னு இருக்குல்ல. நாம பொதுவா "ஆண்டவரே எல்லாத்தையும் பாத்துக்கங்க"ன்னு மொத்தமா சொல்லிட்டு எந்திரிச்சிருவோம். நான் ஜுபைல்ல இருந்தப்போ எங்க ரூம்ல ஒரு மலையாளி அண்ணன் இருந்தாரு, அவரு ஒரு சின்ன டைரில தேதி போட்டு எழுதுவாரு, "லீவு பாஸ் ஆகணும், மேனேஜர் வியாழக்கிழமை கையெழுத்து போடணும்", இப்படி பச்சையா. அதுக்குக் கீழ அன்னிக்கு கெடச்ச ஏதாவது ஒண்ணுக்கு நன்றி. வேர்வையில நனைஞ்சு மை கலைஞ்ச டைரி, இன்னமும் கண்ணுல நிக்குது. நீங்களும் எழுதிப் பாருங்க. மூணு மணிக்கு முழிப்பு வந்தா போனை எடுக்காம அந்த நோட்டை எடுங்க.

அப்புறம் ஜெபத்தோட நிக்காதீங்க. நெகேமியா 4:9 பாருங்க, எருசலேம் அலங்கத்தக் கட்டுனவங்க எதிரிங்க வந்தப்போ தேவனை நோக்கி ஜெபமும் பண்ணுனாங்க, ராவும் பகலும் ஜாமக்காரரையும் வச்சாங்க. சவுதி லேபர் சட்டப்படி இக்காமா புதுப்பிக்கிற செலவு கம்பெனியோடது, உங்க வீட்டுக்காரரோடது இல்ல. ரியாத் இந்தியத் தூதரகத்துக்கு எழுதச் சொல்லுங்க, நம்ம வெளியுறவு அமைச்சகத்தோட மதத் (MADAD) போர்ட்டல்ல புகார் பதியலாம், இங்க நம்ம ஊர்ல அயலகத் தமிழர் நலத்துறைக்கும் ஒரு மனு குடுங்க. காண்ட்ராக்ட், பாஸ்போர்ட், பழைய இக்காமா, சம்பள ஸ்லிப் எல்லாத்தையும் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்க, ரொம்ப முக்கியம்.

---

கடலோரப்_பிள்ள எழுதியது:

அக்கா நான் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கம், நாங்க கத்தோலிக்கர். எங்க ஊர்ல ஆம்பளைங்க ஆழ்கடலுக்குப் போனா ஒரு மாசம், அதுக்கு மேலயும் ஆகும், போன் சிக்னல் கெடையாது, அதனால இந்த லாஸ்ட் சீன் பயம் எங்களுக்கு நல்லாவே புரியும். 2017 நவம்பர் கடைசில ஓக்கி புயல் அடிச்சப்போ எங்க அண்ணன் படகு கடல்ல. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைன்னு ஊருக்கு ஊர் கோயில்ல பெண்டுகளெல்லாம் செபமாலையோட இருந்தோம். அப்போ அழகா எல்லாம் செபிக்கல அக்கா. "இன்னும் எத்தனை நாளு சாமி எங்கள மறந்திருப்பீரு"ன்னு கத்துனோம், 13ஆம் திருப்பாடல் அப்படித்தானே தொடங்குது. ஃபாதர் யாரையும் தடுக்கல, அவரும் சேந்து அழுதாரு. டிசம்பர்ல குழித்துறை ஸ்டேஷன்ல தண்டவாளத்துல உக்காந்து தேடச் சொல்லி ஆயிரக்கணக்குல சனம் போராடுச்சு, அங்கயும் கைல செபமாலை இருந்துச்சு.

எங்க அண்ணன் கரை சேந்துட்டான். பக்கத்து வீட்டு அண்ணன் வரல. ரெண்டு வீட்லயும் ஒரே மாதிரிதான் செபிச்சோம். அதனால விசுவாசம் இருந்தா காரியம் நடக்கும், இல்லன்னா நடக்காதுன்னு யாராவது சொன்னா எனக்கு ஆவி கொதிக்கும். அந்த வீட்டு அக்கா இன்னிக்கும் காலைப் பூசைக்கு வர்றாங்க, நான் அவங்க பக்கத்துலதான் உக்காருவேன். எப்படி அக்கா உங்களால முடியுதுன்னு ஒருநாள் கேட்டேன், "வேற யாருகிட்ட போயி அழ?"ன்னாங்க. அதுக்கு மேல எனக்குக் கேக்கத் தோணல.

---

நைட்_டியூட்டி_நர்ஸ் எழுதியது:

சிஸ்டர், ஆவிக்குரிய காரியம் மேல ரெண்டு பேரும் நல்லா சொல்லிட்டாங்க, நான் சரீரத்த பத்தி சொல்றேன். தினமும் மூணு மணிக்கு முழிப்பு, நெஞ்சு படபடப்பு, இதெல்லாம் எவ்வளவு நாளா இருக்கு? சாப்பாடு ஒழுங்கா எறங்குதா? தைராய்டு கூடுனாலும் இதே மாதிரி படபடப்பு, தூக்கமின்மை வரும், ரத்தசோகைலயும் நெஞ்சு அடிக்கும். மொதல்ல ஒரு டாக்டர பாத்து பிபி, ரத்தம், தைராய்டு செக் பண்ணிருங்க. எல்லாம் நார்மல்னா மனநல டாக்டர்கிட்ட போறதுக்கு வெக்கப்படாதீங்க. டெலி மானஸ்னு அரசாங்கத்தோட இலவச எண் இருக்கு, 14416, எந்நேரமும் பேசலாம், தமிழ்லயும் பேசுவாங்க. மாத்திரை போட்டா விசுவாசம் இல்லன்னு அர்த்தம் இல்ல, உங்க மாமியார் சுகருக்கு மாத்திரை போடுறாங்கல்ல, அதே மாதிரிதான் இதுவும்.

எலியா தீர்க்கதரிசிய பாருங்க, 1 இராஜாக்கள் 19. கர்மேல் மலைல அவ்வளவு பெரிய அற்புதத்த பாத்துட்டு வந்த மனுஷன், யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி சூரைச்செடி கீழ படுத்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்"ங்குறாரு. தேவதூதன் வந்து அவருக்குப் பிரசங்கமா பண்ணுனான்? தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் குடுத்து சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டுட்டு திரும்பப் படுத்துட்டாரு, ரெண்டாந்தரமும் எழுப்பி சாப்பாடுதான் குடுத்தான். ஏன் பயந்தன்னு ஒரு வார்த்தை கேக்கல. ஆண்டவர் அவர்கிட்ட பேசுனது அதுக்கப்புறம் ஓரேப் மலைல. அதனால சாயங்காலத்துக்கு மேல காபி வேண்டாம், போனை வேற ரூம்ல வைங்க, வீட்டுக்காரர்கிட்ட தெனமும் பேச ஒரு நேரம் முடிவு பண்ணிக்கங்க, அந்த நேரம் தவிர செக் பண்ணாதீங்க.

---

பாளை_தங்கச்சி எழுதியது:

வாசிச்சுட்டு ரொம்ப நேரம் அழுதேன். தூத்தூர் தங்கச்சி, அந்த அக்காவுக்காக நானும் ஜெபம் பண்றேன்மா. பவுல் கவலைப்பட்டேன்னு எழுதிருக்கிறத இத்தனை வருஷமா யாரும் எனக்குக் காட்டித் தரல. டாகுமெண்ட்ஸ் எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிட்டேன். ஒரே ஒரு சந்தேகம், நோட்டுல எழுதி ஜெபம் பண்ணுன அப்புறமும் பயம் வந்தா திரும்பத் திரும்ப அதையே கேக்கலாமா? ஒருக்கா ஒப்புக்குடுத்துட்டு திரும்பக் கேட்டா அவிசுவாசம்னு சொல்றாங்களே.

---

கல்ஃப்_ரிட்டர்ன் எழுதியது:

தாராளமா கேக்கலாம். கெத்செமனேல நம்ம ஆண்டவரே மூணு தரம் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபம் பண்ணுனாருன்னு மத்தேயு 26:44ல இருக்கு. வியாகுலம் வந்தப்போ சீஷர்கள கூட முழிச்சிருக்கச் சொன்னாரு, அவங்கதான் தூங்கிட்டாங்க. நீங்களும் தனியா கெடந்து போராடாதீங்க, உங்க ஐயரம்மாகிட்டயோ (போதகரோட மனைவி) நம்பிக்கையான ஒரு அக்காகிட்டயோ சொல்லி வைங்க, அதட்டாம கூட உக்காந்து ஜெபிக்கிறவங்களா பாத்து.

வீட்டுக்காரர் பேர இங்க போடாதீங்க, தம்மாம் தம்பின்னு சொல்லியே நாங்க ஜெபிக்கிறோம். தூதரகத்துக்கு மெயில் போட்டதும் எழுதுங்க, அங்க இருக்கிற நம்ம ஆளுங்க ரெண்டு பேருகிட்டயும் விசாரிச்சு வைக்கிறேன்.

---

நைட்_டியூட்டி_நர்ஸ் எழுதியது:

ரத்த டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் அதையும் சொல்லுங்க சிஸ்டர், மறந்துராதீங்க.