ஒரே கன்டெய்னரில் மூன்று புரோசஸ்: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

சின்ன ஆர்டர் தளம் ஒன்று. வெப், பின்னணியில் மெயில் அனுப்பும் வொர்க்கர், குறித்த நேரத்தில் வேலையைக் கிளப்பும் ஷெட்யூலர் என்று மூன்று புரோசஸ் (ஓடும் நிரல்). தனித்தனியாக ஓட்டினால் கிளவுடில் மூன்று பில் வருமே என்று எல்லாவற்றையும் ஒரே கன்டெய்னரில் (நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) திணித்து, மேய்க்க சூப்பர்வைசர்டி என்ற மேற்பார்வை நிரலை வைத்தேன். ஏழெட்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை.

ஒரு வெள்ளி மாலை புதுப் பதிப்பை டிப்ளாய் செய்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினேன். (தெரியும், திட்டுபவர்கள் திட்டிக்கொள்ளலாம்.) சனி மதியம் வாடிக்கையாளரிடமிருந்து போன்: "ஆர்டர் விழுது சார், மெயில்தான் யாருக்கும் போகலை." டாஷ்போர்டில் எல்லாம் பச்சை. ஹெல்த் செக் வெப்பை மட்டும்தானே விசாரிக்கும்? அது சமர்த்தாக 200 (எல்லாம் சரி) சொல்லிக்கொண்டிருந்தது. லாக்கில் வொர்க்கரைப் பற்றி ஒரு வரி இல்லை. கன்டெய்னருக்குள் நுழைந்து ஸ்டேட்டஸ் கேட்டால், வொர்க்கருக்கு நேரே ‘ஃபேட்டல்’.

டிப்ளாய் ஆன நேரத்தில், வொர்க்கருக்கான வேலைகளை வரிசையில் வைத்திருக்கும் ரெடிஸ் எழுந்திருக்கவில்லை. வொர்க்கர் கிளம்பியதும் விழுந்தது. சூப்பர்வைசர்டி, நாம் மாற்றாவிட்டால், 3 முறை மறுபடி கிளப்பிப் பார்க்கும், அதோடு கைகழுவிவிடும். ஆனால் தான் மட்டும் பிஐடி 1 ஆக, அதாவது கன்டெய்னரின் முதல் புரோசஸாக, உயிரோடு உட்கார்ந்திருக்கும். பிளாட்ஃபாரத்துக்குத் தெரிவது அந்த பிஐடி 1 மட்டும். அது சாகாதபோது கன்டெய்னரை யார் ரீஸ்டார்ட் செய்வது? லாக் வராததும் இதன் வேலைதான். வேறு இடம் சொல்லாததால் வொர்க்கரின் புலம்பலையெல்லாம் உள்ளேயே ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி வைத்திருந்தது.

இப்போது இமேஜ் (கன்டெய்னரை வார்க்கும் அச்சு) ஒன்றுதான், கட்டளை மூன்று, கன்டெய்னர் மூன்று. பில் ஏறியது, பரவாயில்லை.

மறுமொழி 1

பிரித்தது நல்லது. நாங்கள் ஷெட்யூலரை வெப்போடு விட்டுவிட்டோம். தீபாவளிக் கூட்டத்துக்காக வெப்பை 2 பிரதியாக ஏற்றினோம். ஷெட்யூலரும் இரண்டாகிவிட்டது! பாக்கி நினைவூட்டல் எல்லோருக்கும் இரண்டிரண்டாகப் போனது. "ஒரு தடவை கேட்டாலே கொடுப்போமே தம்பி" என்றார் ஒரு கடைக்காரர். ஷெட்யூலர் எப்போதும் ஒரே ஒரு பிரதிதான், அப்புறம் அதைத் தொடவே இல்லை.

மறுமொழி 2

எங்களுக்கு வந்தது வேறு வியாதி. ஒவ்வொரு டிப்ளாயிலும் ஓரிரு வேலை பாதியில் அறுந்தது. கன்டெய்னரை ஓட்டும் டாக்கருக்கான குறிப்பு ஃபைலான டாக்கர்ஃபைலில், புரோசஸைக் கிளப்பும் கட்டளையை வெறும் வரியாக எழுதியிருந்தோம். அப்படி எழுதினால் கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல்தான் பிஐடி 1 ஆகிவிடுகிறது. நிறுத்தச் சொல்லி வரும் சிக்டெர்ம் சிக்னல் நம் புரோசஸுக்குப் போய்ச் சேர்வதில்லை. டாக்கர் 10 விநாடி பொறுத்துவிட்டு, உடனே கொல்லும் சிக்கில் சிக்னலை அனுப்பும். 137 என்ற எண்ணோடு சாவு. சதுர அடைப்புக்குள் பட்டியலாக எழுதியதும் சரியானது. ஒரு வரி மாற்றம், அதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம்.

மறுமொழி 3 (பதிவிட்டவர்)

நண்பர் சொன்ன 137 எனக்கும் வந்தது, ஆனால் காரணம் வேறு: வொர்க்கருக்கு 512 எம்பி நினைவகம் போதவில்லை. பிரித்து வைத்ததால் வெப் விழாமல் தப்பித்தது. இப்போது டேட்டாபேஸ் கனெக்ஷன் தீர்ந்துபோகிறது. ஒவ்வொரு புரோசஸும் தனக்கென 10 பிடித்து வைத்துக்கொள்கிறது, எங்கள் பிளானில் மொத்தமே 25. கனெக்ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சரை யாராவது வைத்துப் பார்த்தீர்களா?