கெய் டிரக்: தமிழில் என்ன சொல்லலாம்?

கருவேலன் (டெக்ஸாஸ்) எழுதியது:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்து இறங்கும் "கெய் டிரக்" என்ற குட்டி லாரி பற்றி ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். உள்ளே விஷயம் சேர்ந்துவிட்டது, தலைப்புதான் அமையவில்லை. பெரியவர்கள் கைகொடுக்க வேண்டும்.

வண்டியைப் பார்க்காதவர்களுக்கு: சுசுகி கேரி, டைஹாட்சு ஹைஜெட், ஹோண்டா ஆக்டி, சுபாரு சாம்பர் இதெல்லாம் இந்த வகை. (சாம்பர் என்பது நம்மூர் மிளாவின் ஆங்கிலப் பெயர். அந்த வண்டியிலேயே இங்கே மானை ஏற்றி வருகிறார்கள்.) மூக்கு கிடையாது. எஞ்சின் சீட்டுக்கு அடியிலோ, பாடிக்கு அடியிலோ இருக்கும். ஸ்டியரிங் நம்மூர் மாதிரி வலப்பக்கம்.

பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு கேரி வைத்திருக்கிறார். வேலி கம்பிச் சுருள், இரும்புக் கம்பங்கள், மரம் அறுக்கும் ரம்பம் எல்லாம் எப்போதும் அதில்தான் கிடக்கும். மான் தீவனப் பீப்பாய்களுக்கு மக்காச்சோளம் கொண்டுபோவதும் அதில்தான். 50 பவுண்டு மூட்டை 15 ஏற்றினால் கணக்குப்படி பாரம் நிறைந்துவிடும். பாடி தரையிலிருந்து ஏறக்குறைய 65 செ.மீ. உயரம்தான், மூன்று பக்கப் பலகையும் கீழே மடங்கும். மூட்டையைத் தோளுக்குத் தூக்க வேண்டாம், இடுப்போடு அணைத்து அப்படியே தள்ளிவிடலாம். அடித்த மானை ஏற்றவும் அதே வசதி. இங்குள்ள பெரிய பிக்கப்புகளில் பக்கவாட்டிலிருந்து கையை விட்டால் பாடியின் அடி எட்டாது.

இந்தப் பக்கம் காடு என்றால் மெஸ்கீட் முள்தான், நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி. அதற்கு நடுவே ஒன்றரை மீட்டருக்குள் அகலமுள்ள வண்டி புகுந்து வருவது பெரிய விஷயம். அதே வேலைக்கு விற்கும் "சைடு பை சைடு" வண்டிகள் (பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காடுமேட்டில் ஓட்டும் திறந்த வண்டிகள்) புதிதாக வாங்கினால் 20,000 டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். அவற்றில் பலவற்றுக்குக் கதவோ ஹீட்டரோ தனிக் காசு. நவம்பர் தொடக்கத்தில் மான் வேட்டை திறக்கும்போது விடிகாலைக் குளிரில் ஹீட்டர் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் மறைவிடம் வரை போய் இறங்குகிறவருக்கு அந்த அருமை தெரியும்.

ஆங்கிலத்தில் "மினி டிரக்" என்றும் சொல்கிறார்கள். அப்படியே "மினி டிரக்" என்று போட்டுவிடலாமா?

பழைய மெக்கானிக் (ஈரோடு) எழுதியது:

குட்டியானை. முடிந்தது வேலை. இதற்கு எதற்குக் குழு?

டாட்டா ஏஸ் 2005இல் வந்தது. யாரும் குழு கூட்டாமலே ஊர் அதற்குப் பெயர் வைத்துவிட்டது. அதே ஜாதி வண்டிதானே இதுவும்? கேரி வம்சம் நமக்குப் புதிதா என்ன? மாருதி ஆம்னி எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? சீட்டைத் தூக்கி எஞ்சின் பார்த்தே என் முதுகு வளைந்தது.

வலிகாமத்தான் (யாழ்ப்பாணம்) எழுதியது:

அண்ணை, குட்டியானை எண்டா எங்கட பக்கம் விளங்காது. அதே டாட்டா ஏஸை நாங்கள் "பட்டா" எண்டுதான் சொல்லுறது. விக்கிற கொம்பனி வைச்ச பேர், அப்பிடியே சனத்தின்ர வாயில ஒட்டிட்டுது. உங்களுக்குப் பட்டா எண்டா காணிப் பத்திரம். ரெண்டு கரைக்கும் பொருந்துற சொல்லாப் பாருங்கோ.

கெய் எண்டா ஜப்பான் மொழியில பாரமில்லாதது எண்டுதான் அர்த்தம். லொறிக்கு எங்கட அரச வழக்கு பாரவூர்தி. "மென்பாரவூர்தி" எண்டு வைக்கேலாதோ? பாரமில்லாத பாரவூர்தி எண்டு ஆரும் பகிடி பண்ணுவினம், பண்ணட்டும்.

தொகுப்பாளர் எழுதியது:

அன்பர்களே, மூன்று பேரும் மூன்று வேறு பொருளுக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், மடல் நீளும்.

மெக்கானிக் ஐயாவிடமிருந்து தொடங்குகிறேன். ஏஸின் நீளம் 3.8 மீட்டர், கெய் வண்டிக்கு எல்லை 3.4 மீட்டர். ஏஸ் 702 சிசி, கெய் எல்லை 660 சிசி. ஏஸ் முக்கால் டன் ஏற்றும், கெய் டிரக்குக்கு அனுமதி 350 கிலோ. சக்தியில் நிலைமை தலைகீழ்: முதலில் வந்த ஏஸ் 16 குதிரைத்திறன், இது 64 வரை போகும். ஆம்னியும் 796 சிசி, ஆகவே வம்சம் ஒன்றானாலும் அந்த வகுப்புக்குள் வராது. குட்டியானை அருமையான பெயர்தான். ஆனால் அது வேறொரு வண்டிக்கு உரிமையாகிவிட்டது.

"மினி டிரக்" இன்னும் குழப்பம். அமெரிக்காவில் 1980களில் டட்சன், டொயோட்டா, மாஸ்டா சிறு பிக்கப்புகளைத் தரையோடு தாழ்த்தி ஓட்டிய இளைஞர் கூட்டம் அவற்றைத்தான் அப்படி அழைத்தது. நம்மூரில் மினி லாரி என்றால் டாட்டா 407, ஐஷர் அளவு. கட்டுரைத் தலைப்பாக வைத்தால் வாசகர் தவறான வண்டியை நினைத்துக்கொண்டு உள்ளே வருவார்.

வலிகாமத்தாரின் யோசனை மூலச்சொல்லுக்கு நெருக்கம். அதனாலேயே எனக்குத் தயக்கம். இந்தியாவில் "இலகுரக வாகனம்" என்பது ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் சொல், 7,500 கிலோ வரை அதற்குள் அடங்கும். கெய் டிரக்கோ வெறும் வண்டியாக முக்கால் டன் சுமார். மென், இலகு, எளி எதைப் போட்டாலும் வாசகர் மனம் எடைக்குத்தான் போகும். ஜப்பானியர் சட்டம் அந்த வகுப்பை எடையை வைத்து வரையறுக்கவே இல்லை. நீளம், அகலம், உயரம், எஞ்சின் கொள்ளளவு இவைதான் அளவுகோல். 1949இல் வகுப்பைத் தொடங்கினார்கள். 1955இல் 360 சிசி, 1976இல் 550, 1990இல் 660 என்று எல்லை ஏறியது. 1998 முதல் 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். 64 குதிரைத்திறன் என்பது மட்டும் கம்பெனிகள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு.

அந்த எல்லைக்குள் நின்றால் சலுகை உண்டு. சொந்த உபயோகத்துக்கான கெய் டிரக்குக்கு ஆண்டு வரி 5,000 யென், சாதாரணக் காருக்கு அதைப்போல் பல மடங்கு. கிராமப்புறத்தில் நிறுத்துமிடச் சான்றும் வேண்டாம். மஞ்சள் நம்பர் பலகையைப் பார்த்தாலே இன்ன வகுப்பு என்று தெரியும். விவசாயிகள் வீட்டுக்கு வீடு வைத்திருப்பதற்கும், அதனால் பழைய வண்டி மலிவாகக் கிடைப்பதற்கும் வேர் இங்கேதான். ஆக, நமக்கு வேண்டியது "எடை குறைந்தது" என்ற சொல் அல்ல. "சட்டம் போட்ட கோட்டுக்குள் நிற்பது" என்ற சொல்.

அப்படியொரு சொல் நம்மிடம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது: குறு. தாசில்தார் அலுவலகத்தில் சிறு, குறு விவசாயி சான்றிதழ் வாங்கியவர்களுக்கு விளக்க வேண்டாம். இரண்டரை ஏக்கர் வரை குறு, அதற்கு மேல் ஐந்து ஏக்கர் வரை சிறு. தொழில் துறையிலும் குறு, சிறு, நடுத்தரம் என்றுதான் பிரித்திருக்கிறார்கள். எல்லைக்குள் இருந்தால் சலுகை, தாண்டினால் இல்லை. கெய் வகுப்பின் தர்க்கமும் இதேதான்.

ஆகவே என் முன்மொழிவு: வகுப்புக்குக் "குறுவகை ஊர்தி". அதில் லாரிக்குக் "குறுஞ்சரக்குந்து", வேனுக்குக் "குறுவேன்". குறுஞ்செய்தி ஒட்டிய அதே புணர்ச்சி. எல்லை 360 ஆக இருந்த காலத்து வண்டிக்கும் 660 வண்டிக்கும் சேர்த்தே பொருந்தும். "சிற்றுந்து" ஏற்கெனவே மினி பஸ்ஸுக்குப் போய்விட்டதால் அதைத் தொடவில்லை.

தோட்டக்காரி (கோத்தகிரி) எழுதியது:

தர்க்கம் சரி ஐயா, வாய்க்கு வரவில்லையே! "குறுஞ்சரக்குந்து கொண்டா, காரட் மூட்டை ஏத்தணும்" என்று எந்த ஊரில் சொல்வார்கள்? போதாக்குறைக்குச் சரக்கு என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் வேறு சரக்கை நினைத்துக்கொள்கிறார்கள். குறுலாரி என்று விடுங்கள். லாரி தமிழாகி எத்தனையோ காலம் ஆகிறது.

இன்னொன்று. கட்டுரையில் வேட்டையையும் டெக்ஸாஸையும் மட்டும் எழுதினால், அந்த வண்டி அங்கே விளையாட்டுப் பொருளாகத் தெரியும். ஜப்பானில் அது மலைச்சரிவு விவசாயத்தின் வண்டி. பின்னால் எஞ்சின் வைத்த பழைய சாம்பரை "வயல் பாதையின் போர்ஷே" என்று அங்கே செல்லமாகச் சொல்வார்கள். காட்டுப்பன்றியும் மானும் பயிரை அழிக்கிற ஊர்களில் பொறிக்கூண்டைக் கொண்டுபோவதும் பிடித்ததை இறக்கிவருவதும் இதே வண்டிதான். இவாத்தே மாகாணம் ஷிசுகுயிஷி ஊரில் 2005இல் தொடங்கிய கெய் டிரக் சந்தையையும் சேருங்கள். தெருவில் வரிசையாக வண்டியை நிறுத்திப் பின்பலகையைத் திறந்தால் அதுவே கடை. எங்கள் மலைக்குத் தோதான யோசனை, யாராவது காதில் போட்டுக்கொள்ளட்டும்.

வலிகாமத்தான் எழுதியது:

குறுலொறிக்கு என்ர வாக்கு. என்ர பாரவூர்தியோட குறுவைச் சேத்துப் பாத்தன், "குறும்பாரவூர்தி" எண்டு வருகுது. பாதி வாசிச்ச உடன குறும்பா எண்ட பகிடிக் கவிதை எண்டு நினைப்பினம். வேண்டாம்.

தொகுப்பாளர் எழுதியது:

தோட்டக்காரி அம்மா சொன்னதை ஏற்கிறேன். வகுப்புப் பெயரில் விட்டுக்கொடுக்க மாட்டேன்: குறுவகை ஊர்தி. வண்டிக்குக் குறுலாரி முதன்மைச் சொல், குறுஞ்சரக்குந்து மாற்றுச்சொல், கெய் டிரக் வழிமாற்று (அப்படித் தேடினாலும் இந்தக் கட்டுரைக்கே வரும்). ஈழத்து வாசகர் குறுலொறி என்று தேடினாலும் அங்கேயே வந்து சேர ஏற்பாடு செய்துவிடலாம்.

கருவேலன் எழுதியது:

மிக்க நன்றி. குறுலாரி என்றே தலைப்பை மாற்றிவிட்டேன். ஜப்பான் பகுதியை முதலில் வைத்து, இறக்குமதி விதிகளைப் பின்னால் தள்ளியிருக்கிறேன். அமெரிக்காவில் 25 ஆண்டு முடிந்த வண்டிக்குத்தான் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு, கனடாவில் 15 ஆண்டு. அமெரிக்காவில் 25 ஆண்டுக்கும் இளைய வண்டிகளை மணிக்கு 25 மைலுக்கு மேல் போகாதபடி கட்டி, சாலைக்கு வெளியே மட்டும் ஓட்ட விடுகிறார்கள். சாலையில் ஓட்டப் பதிவு கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்ஸாஸ் 2024இல்தான் வழிவிட்டது. ரோட் ஐலண்ட் போன்ற இடங்களில் மறுத்ததும் உண்டு.

கடைசியாக ஒன்று. ஆக்டியில் "அட்டாக்" என்ற விவசாய மாடலில் முதல் கியருக்கும் கீழே ஒரு கியர், ரிவர்ஸுக்கும் அதேபோல் ஒன்று இருக்கிறது. மனிதன் நடக்கும் வேகத்தில் வண்டி போகும். அதற்கு என்ன சொல்?

பழைய மெக்கானிக் எழுதியது:

தவழ்கியர். இதற்கும் ஆறு மடல் போடாதீர்கள்.

கட்டுரையில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், வாங்குகிறவனுக்கு உதவும். தவழ்கியரும் நாலு சக்கர இழுவையும் சேற்றுக்கும் உழுத நிலத்துக்கும்தான். காய்ந்த தார் ரோட்டில் நாலு சக்கரத்தையும் பூட்டிக்கொண்டு திரும்பினால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றையொன்று முறுக்கும். ஸ்டியரிங் கனக்கும், வண்டி திமிறும், அப்புறம் கியர்பாக்ஸ் செலவு. ரோட்டுக்கு ஏறியதும் லீவரைத் தள்ளி எடுத்துவிடச் சொல்லுங்கள்.