பிரிவுகள் அடுத்தடுத்து வந்த வீட்டில் இன்னொரு பரிமாற்ற மாணவரை ஏற்கலாமா?

கேள்வி: முற்றம்

அனைவருக்கும் வணக்கம். பரிமாற்ற மாணவர்களை வீட்டில் தங்கவைத்தவர்கள் இந்தக் குழுவில் பலர் இருப்பதால் எங்கள் நிலையை விரிவாகவே எழுதுகிறேன்.

சென்ற கல்வியாண்டு முழுவதும் வேற்று நாட்டிலிருந்து வந்த 16 வயது மாணவி ஒருத்தி எங்கள் வீட்டுப் பெண்ணாகவே இருந்தாள். அவளை வழியனுப்பிய வருத்தம் ஆறுவதற்குள் என் மாமியார் காலமானார். முதுமையும் தளர்ச்சியும் இருந்தது உண்மைதான் என்றாலும், இவ்வளவு விரைவில் போய்விடுவார் என்று நாங்கள் யாரும் எண்ணவில்லை. அந்தத் துக்கத்தின் நடுவிலேயே மூத்த மகன் கல்லூரிப் படிப்புக்காக வெளியூர் புறப்பட வேண்டியதாயிற்று. ஆறு பேர் புழங்கிய வீட்டில் இன்று நானும் என் கணவரும் 12 வயது இளைய மகனும் மட்டுமே இருக்கிறோம்.

அடுத்த ஆண்டுக்கு ஒரு மாணவனை ஏற்றுக்கொள்வதாக, மாமியார் நன்றாக இருந்தபோதே ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிட்டோம். எங்கள் எல்லோரையும்விட அதில் ஆர்வம் காட்டியவர் அவர்தான். சென்ற ஆண்டு வந்த பெண் எங்கள் மொழியைப் பழகுவதற்காகக் கதவு, ஜன்னல், கண்ணாடி, அலமாரி என்று ஒவ்வொன்றின் பெயரையும் சிறு சிறு தாளில் எழுதி அதனதன் மேல் ஒட்டியிருந்தாள். அவள் ஊருக்குப் போன பிறகு நான் அவற்றை எடுக்கப் போனபோது, அடுத்து வரும் பிள்ளைக்கும் உதவும், அப்படியே இருக்கட்டும் என்று மாமியார் தடுத்துவிட்டார். அந்தப் பிள்ளை வந்து சேரும் நாள் இப்போது நெருங்கிவிட்டது.

வீட்டில் ஒரு பிள்ளை நடமாடினால் நம் மனமும் தேறும் என்கிறார் என் கணவர். எனக்கு அவ்வளவு துணிவு வரவில்லை. புதிய மாணவனின் புகைப்படத்தை இளையவனிடம் காட்டியபோது, “இவனும் ஒருநாள் போகத்தானே போகிறான்?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். அறை விஷயமும் முடிவாகவில்லை; காலியாக இருப்பவை மாமியாரின் அறையும் மூத்தவனின் அறையும்தான். போதாக்குறைக்கு, ஊர் திரும்பிய பெண்ணிடம் பாட்டியின் மறைவை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாள் தள்ளிக்கொண்டு போகிறது. இந்த நிலையில் அந்த மாணவனை வரச்சொல்வது அவனுக்கு நியாயமா? வேண்டாம் என்று இப்போது சொன்னால் அது வாக்குத் தவறுவதாகுமா?

பதில் 1: வழித்துணை

அம்மா, முதலில் என் ஆழ்ந்த அனுதாபங்கள். பரிமாற்றத் திட்டம் ஒன்றில் தன்னார்வ ஒருங்கிணைப்பாளராகப் பல காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஏற்பதா, விடுவதா என்று நீங்கள் இருவரும் வீட்டுக்குள்ளேயே தீர்மானித்துவிடாதீர்கள். இன்றே உங்கள் ஒருங்கிணைப்பாளரை அழைத்து, வீட்டில் நடந்தவற்றை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். நீங்கள் விண்ணப்பித்தபோது வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு எந்த அறை என்பதைப் பார்த்துத்தான் அந்த மாணவனை உங்களிடம் ஒப்படைக்க முடிவு செய்திருப்பார்கள். அவனுடைய பெற்றோரும் பாட்டி, அண்ணன், தம்பி என்று நிறைந்திருக்கும் ஒரு வீட்டைத்தான் மனத்தில் வைத்திருப்பார்கள். அந்தச் சித்திரம் மாறிவிட்டது என்பதை அவன் விமானம் ஏறுவதற்கு முன்பே அறிந்துகொள்வது அவர்களுக்கு உரிமைப்பட்ட ஒன்று.

வேண்டாம் என்று சொன்னால் வாக்குத் தவறியதாகுமோ என்று அஞ்ச வேண்டாம். குடும்பம் மாறுவது இந்தத் திட்டங்களில் அவமானத்துக்குரிய செய்தியே அன்று. ரோட்டரி இளையோர் பரிமாற்றத்தின் நீண்டகாலத் திட்டத்தில் ஒரே மாணவர் ஒரு கல்வியாண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் தங்குவது வழக்கமான நடைமுறையாகவே இருக்கிறது. தொடக்க வாரங்களுக்கு மட்டும் வேறொரு குடும்பம் வரவேற்றுத் தங்கவைப்பதும், பிறகு நிரந்தரக் குடும்பத்துக்கு மாணவர் மாறுவதும் பல அமைப்புகளில் உண்டு. ஆகவே முழுமையாக ஏற்பது, முழுமையாக மறுப்பது என்ற இரண்டுக்கும் நடுவில், சில வாரம் தள்ளி ஏற்பது என்ற வழியும் உங்களுக்கு இருக்கிறது. ஒருங்கிணைப்பாளரால் தயங்காமல் செய்துகொடுக்கக்கூடிய ஏற்பாடு இது. ஆனால் முன்கூட்டியே சொன்னால்தான் செய்ய முடியும். மாணவன் வந்து இறங்கிய பிறகு குடும்பம் தேடுவது எல்லோருக்கும், குறிப்பாக அவனுக்கு, மிகவும் வலி தரும்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். ஏஎஃப்எஸ் என்ற பரிமாற்ற அமைப்பு, முதல் உலகப்போரில் காயம்பட்டவர்களை ஏற்றிச்சென்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் சேவையாக 1915இல் உருவெடுத்தது. இரண்டாம் உலகப்போரும் முடிந்த பிறகே அது பள்ளி மாணவர்களை நாடுவிட்டு நாடு அனுப்பத் தொடங்கியது. மரணத்தை மிக அருகில் பார்த்தவர்கள் தொடங்கிவைத்த வேலை இது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். துக்கம் நேர்ந்த வீடு என்பதற்காக மட்டும் உங்களைத் தகுதியற்றவர்கள் என்று யாரும் ஒதுக்கிவிட மாட்டார்கள்.

அறையைப் பொறுத்தவரை, உங்கள் அமைப்பின் விதிகளைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அமெரிக்காவுக்கு ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வரும் பள்ளி மாணவர்களுக்கான விதிகள், காற்றடைக்கும் மெத்தையோ விரித்து மடக்கும் சோபாவோ அல்லாத தனிப் படுக்கையும், உடைமைகளை வைக்கப் போதிய இடமும் கட்டாயம் வேண்டும் என்று சொல்கின்றன. ஒருங்கிணைப்பாளர் மாதம் ஒருமுறையாவது மாணவரோடும் குடும்பத்தோடும் பேச வேண்டும் என்றும் அவை வலியுறுத்துகின்றன. உங்கள் நாட்டு விதி எதுவாக இருந்தாலும், முதல் சில மாதங்களுக்கு அந்தப் பேச்சு இன்னும் அடிக்கடி நடக்க வேண்டும் என்று நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் 2: பழைய மாணவி

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். 17 வயதில் பரிமாற்ற மாணவியாகச் சென்றிருந்தபோது, நான் தங்கியிருந்த வீட்டின் தாத்தா ஆண்டின் நடுவில் இறந்துபோனார். என்னை வருத்தியது அந்த மரணத்தைவிட, அந்த வீட்டில் எனக்கு என்ன இடம் என்று தெரியாமல் நின்றதுதான். எல்லோரும் கூடியிருக்கும் கூடத்தில் உட்காரலாமா, அறைக்குள் இருந்தால் அக்கறையில்லாதவள் என்று நினைப்பார்களா, நான் அழுதால் உரிமையில்லாத அழுகையாகத் தோன்றுமா என்று ஒவ்வொன்றுக்கும் தடுமாறினேன். இரண்டாம் நாள் அந்த வீட்டு அம்மா என்னைத் தனியே அழைத்து, வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் பொறுப்பு உன்னுடையது, களைப்பாக இருந்தால் யாரிடமும் கேட்காமல் போய்ப் படுத்துக்கொள், அழுகை வந்தால் அழு என்று மூன்றையும் தெளிவாகச் சொன்னார். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆகவே அந்த மாணவனுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, துக்கத்தை அவனிடம் மறைக்காமல் இருப்பது. வந்த முதல் வாரத்திலேயே, பாட்டி இறந்துவிட்டார், நாங்கள் சில நாள்களில் பேசாமல் இருப்போம், சில நாள்களில் அழுவோம், அதற்கும் உனக்கும் தொடர்பில்லை என்று அவன் வயதுக்கு ஏற்றபடி சொல்லிவிடுங்கள். மொழி புரியாத வீட்டில் முகங்கள் வாடியிருந்தால், தான் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்றுதான் அந்த வயதில் முதலில் தோன்றும். அவனும் தன் பாட்டியை, நண்பர்களை, தன் படுக்கையை விட்டுவிட்டு வருகிறான் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அவனுடைய பிரிவையும் வாய்விட்டுச் சொல்ல இடம் கொடுங்கள்.

ஊர் திரும்பிய பெண்ணிடம் இனியும் தாமதிக்காமல் சொல்லிவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். முதலில் அவளுடைய பெற்றோருக்குத் தெரிவித்து, அவர்கள் அவள் அருகில் இருக்கும் நேரத்தில், செய்தியாக அனுப்பாமல் குரல் கேட்கும்படி நீங்களே பேசுங்கள். ஊர் திரும்பிய மாணவர்கள் ஏற்கெனவே இரண்டு ஊர்களுக்கும் நடுவில் மனம் சிக்கித் தவித்துக்கொண்டிருப்பார்கள். தான் பாட்டி என்று அழைத்தவரின் மறைவை வேறு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டால், அந்த வீட்டில் தான் கழித்த ஆண்டே பொய்யோ என்று அவள் மனம் உடைந்துவிடும். நினைவுக் கூட்டமோ பிரார்த்தனையோ ஏதேனும் இனி நடக்குமானால் அவளைக் காணொளியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 3: ஆழ்கடல்

துயர ஆலோசகராகப் பணிபுரிகிறேன். மேலே எழுதிய இருவரின் கருத்துகளோடும் பெரும்பாலும் உடன்படுகிறேன். உங்கள் கணவர் சொன்னதைப் பற்றி மட்டும் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

பிள்ளை வந்தால் மனம் தேறும் என்ற எண்ணத்தில் உண்மையும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷுட் ஆகிய ஆய்வாளர்கள் 1999இல் முன்வைத்த விளக்கம் ஒன்று துயர ஆலோசனையில் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. இழந்தவரை நினைத்து வருந்துவதும், மாறிவிட்ட வாழ்க்கையின் புதிய வேலைகளைக் கவனிப்பதும் ஆகிய இரண்டுக்கும் இடையே மனம் மாறி மாறிப் போய்வருவதுதான் இயல்பு என்றும், இரண்டிலிருந்தும் விலகி ஓய்வெடுக்கும் நேரமும் தேவை என்றும் அவர்கள் சொன்னார்கள். புதிதாக ஒரு பிள்ளைக்கு அறை ஒழுங்குசெய்வது, பள்ளிக்கு அழைத்துச்செல்வது, மொழி சொல்லிக்கொடுப்பது எல்லாம் இரண்டாவது வகை வேலைகள்; அவை நிச்சயமாக நன்மை செய்யும். ஆனால் முதல் வகைக்கு நேரமே விடாமல் இவை நாளை நிரப்பிவிட்டால் அடக்கிவைத்த துக்கம் பின்னால் வேறு உருவில் வெளிப்படும். பாட்டி இருந்த இடத்தையோ அண்ணன் இருந்த இடத்தையோ அந்த மாணவன் நிரப்ப வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. அந்தச் சுமையைத் தூக்க பள்ளி வயதுப் பிள்ளையால் முடியாது. அவன் அதற்காக வரவும் இல்லை.

காலத்தைப் பற்றியும் யோசியுங்கள். புதிய நாட்டுக்கு வருபவர்கள் தொடக்கத்தில் உற்சாகமாக இருந்து, நடுவில் சோர்ந்து, பிறகு தேறுவார்கள் என்ற கருத்து, ஃபுல்பிரைட் என்ற கல்விப் பரிமாற்ற உதவித்தொகையில் அமெரிக்கா சென்ற நார்வே நாட்டு அறிஞர்களைப் பற்றி 1955இல் வெளியான, சமூகவியலாளர் லிஸ்கார்டின் ஆய்விலிருந்து பரவியது. எல்லோருக்கும் அவ்வாறு நடப்பதில்லை. வந்து இறங்கிய நாள்களே மிகக் கடினமானவை என்று கண்ட பிற்கால ஆய்வுகளும் உண்டு. எப்படியானாலும், அவனுக்குச் சோர்வு வரும் நாளும் மாமியாரின் பிறந்தநாளோ அவர் இல்லாத முதல் பண்டிகையோ வரும் நாளும் ஒன்றாக அமைந்துவிடலாம். அத்தகைய நாள்களை இப்போதே நாள்காட்டியில் குறித்துவைத்து, அன்று அவனை யார் கவனித்துக்கொள்வார்கள் என்று உறவினர் ஒருவரிடமோ ஒருங்கிணைப்பாளரிடமோ பேசிவைப்பது நல்லது.

எனக்கு அதிகக் கவலை தருவது உங்கள் இளைய மகன்தான். அவன் கேட்டது முரட்டுத்தனமான கேள்வி அன்று. சில மாதங்களில் அக்கா, பாட்டி, அண்ணன் என்று மூவரை இழந்தவன் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறான். “இல்லை, போகமாட்டான்” என்று சமாதானம் சொல்லாதீர்கள். ஆமாம், ஆண்டு முடிந்ததும் போவான், எந்த மாதம் போவான் என்பதும் நமக்குத் தெரியும் என்று நேராகச் சொல்லுங்கள். பாட்டி போனதும் அண்ணன் போனதும் ஒன்றல்ல என்பதையும் பேசுங்கள். பாட்டி திரும்ப வரமாட்டார், அண்ணன் விடுமுறையில் வருவான், அக்காவோடு தொலைபேசியில் பேசலாம். பிள்ளைகள் ஒரு கணம் அழுது மறுகணம் விளையாடப் போய்விடுவார்கள், அதைப் பார்த்து அவன் மறந்துவிட்டான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். மாணவனை ஏற்பது பற்றிய முடிவில் அவன் கருத்தையும் கேளுங்கள். கடைசி முடிவு பெரியவர்களுடையது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பிற்பாடு எது நடந்தாலும் தன்னால்தான் என்று எடுத்துக்கொள்வான்.

என் தனிப்பட்ட கருத்தைக் கேட்டால், சில வாரம் தள்ளி ஏற்பதே சரி. வீட்டில் யாருக்காவது தூக்கமோ உணவோ வெகுநாளாகச் சீர்கெட்டிருந்தாலும், அன்றாட வேலைகளே ஓடவில்லை என்றாலும், இந்த ஆண்டு வேண்டாம் என்று மனத்தில் குற்ற உணர்வின்றிச் சொல்லிவிடுங்கள்.

பதில் 4: கூடம்

அறையைப் பற்றி மட்டும் ஒரு சொல். மூத்தவனைக் கேட்காமல் அவன் அறையைக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டைவிட்டு முதல்முறை வெளியே போன பிள்ளைக்கு, திரும்பிவர ஓர் அறை இருக்கிறது என்ற நினைப்பே பெரிய பலம். பாட்டியின் அறையைக் கொடுப்பதானால், மூத்தவன் விடுமுறைக்கு வரும்போது நால்வரும் சேர்ந்து அவர் பொருள்களை எடுத்துவைத்துவிட்டுக் கொடுங்கள். அது யாருடைய அறை என்பதை மாணவனிடம் முன்பே சொல்லி அவன் சம்மதத்தையும் கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு அது கூச்சமாக இருக்கும்.

முற்றம் (கேள்வி கேட்டவர்)

உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பதில்களைக் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். இருவரும் சேர்ந்து ஒருங்கிணைப்பாளரிடம் பேசினோம். அவர் சிறிதும் கடிந்துகொள்ளவில்லை. மாணவனை முதலில் வேறொரு குடும்பம் வரவேற்று வைத்துக்கொள்வதாகவும், மூத்தவனின் முதல் விடுமுறைக்குப் பிறகு மாணவன் எங்களிடம் வருவதாகவும், அதற்கு முன் வாரக் கடைசிகளில் வந்துபோவதாகவும் ஏற்பாடு ஆகியிருக்கிறது. அவனுடைய பெற்றோரும் சம்மதித்து, அவனுடைய அம்மா எங்களுக்கு ஆறுதலாக ஒரு கடிதமும் எழுதியிருக்கிறார்.

பெண்ணிடமும் சொல்லிவிட்டோம். அவள் தாயும் தந்தையும் பக்கத்தில் இருந்தார்கள். வெகுநேரம் அழுதாள், பிறகு இளையவனைக் கூப்பிடச் சொல்லி அவனோடு தனியாகப் பேசினாள். என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

இன்னும் ஒன்றுமட்டும் கேட்க வேண்டும். வாரக் கடைசியில் வந்துபோகும் நாள்களில் அந்த மாணவனை இரவு தங்கவைப்பது நல்லதா, அல்லது தொடக்கத்தில் பகலில் மட்டும் வந்து போகட்டுமா? இப்படிப் படிப்படியாக ஒரு மாணவரை ஏற்ற குடும்பங்கள் யாரேனும் இருந்தால் அருள்கூர்ந்து எழுதுங்கள்.