டால்பின் நோஸுக்குக் கீழே இறங்கும் பாதை

கொடைக்கானலில் ஆளரவமற்ற நடைபாதை வேண்டும் என்று கேட்பவர்களிடம், அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் இன்றும் எந்தப் பாதையில் நடந்து போகிறார்கள் என்று விசாரியுங்கள் என்றுதான் நான் சொல்வது வழக்கம். இந்தப் புத்தி எனக்கு ஒரு அவமானத்துக்குப் பிறகுதான் வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு மன்னவனூர்ப் பக்கம், கைபேசி வரைபடத்தில் மெல்லிய புள்ளிக்கோடாகத் தெரிந்த ஒரு தடத்தை நம்பி நானும் நண்பரும் வாட்டில் மரக்காட்டுக்குள் நுழைந்தோம். தோல் பதனிடும் பட்டைக்காக ஒரு காலத்தில் புல்வெளிகளின் மீது நட்டுவைத்த இந்த ஆஸ்திரேலிய மரங்கள், இன்று யாரும் நடாமலேயே பரவிக்கொண்டிருக்கின்றன. உள்ளே போய்விட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரியான மெல்லிய தண்டுகளும் காலுக்கடியில் ஒரே மாதிரியான சருகும்தான். அரை மணி நேரத்தில் மஞ்சு இறங்கியது, கைபேசியில் சிக்னலும் போனது. தெளிவாக மிதிபட்டிருந்த ஒரு தடத்தைக் கண்டுபிடித்து, இதுதான் பாதை என்று உற்சாகமாக நடந்துகொண்டிருந்தபோது, விறகுக் கட்டோடு எதிரே வந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"எங்கிட்டுப்பா போறீங்க? இது காட்டுமாடு தண்ணிக்குப் போற தடமுல்ல?"

அதன் பிறகுதான் குளம்புத் தடங்கள் எங்கள் கண்ணில் பட்டன. அவர் எங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை, சிரிக்கவும் இல்லை. விறகைத் தலையிலிருந்து இறக்காமலேயே முன்னால் நடந்து, ஒரு பூண்டுத் தோட்டத்தின் ஓரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். எங்களுக்காக அவர் நடந்த கூடுதல் தொலைவு ஒரு கிலோமீட்டராவது இருக்கும். அந்த இடத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த வாரமே யாராவது அந்தத் தடத்தில் இறங்குவார்கள், ஒவ்வொரு முறையும் அந்த அம்மா எதிரே வர மாட்டார்.

டால்பின் நோஸ் பாறையிலிருந்து வெள்ளகெவி என்ற மலைக்கிராமம் வழியாக அடிவாரத்துக்கு இறங்கும் பாதையைப் பற்றி மட்டும் தயக்கமின்றி எழுதலாம், ஏனென்றால் அது யாரும் புதிதாகக் கண்டுபிடித்த பாதை இல்லை. 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது மேலே வர மோட்டார் சாலை கிடையாது. பிற்பாடு சமவெளிக்கு ரயில் வந்த பிறகும்கூட, இறங்கியவர்கள் மாட்டுவண்டியில் பெரியகுளத்துக்கு அருகே மலையடிவாரம் வரை வந்து, அங்கிருந்து நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் தூக்கும் நாற்காலியிலோதான் ஏறினார்கள். மலைச்சாலை வந்ததும் வெளியூர்க்காரர்கள் இந்த வழியை மறந்துபோனார்கள். வழியிலிருந்த வெள்ளகெவி மக்கள் மட்டும், சாலை தங்கள் ஊருக்கு வராததால், தொடர்ந்து நடந்தார்கள். பாதை அழியாமல் இருப்பதற்கு அவர்களுடைய அந்தச் சிரமம்தான் காரணம் என்பதை, அதன் அமைதியை ரசிக்கப் போகும் நாம் கொஞ்சம் கூச்சத்தோடு நினைத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் வனத்துறை அனுமதியோடும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலிலிருந்து புறப்பட்டோம். டால்பின் நோஸ் பாறை வரை வழி நெடுகப் பிரெட் ஆம்லெட்டும் மேகியும் வேகவைத்த சோளமும் விற்கிறார்கள். பாறையின் நுனியில் நின்று படம் எடுக்க வரிசையே இருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் பாறையைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் கீழே இறங்கும் தடத்தில் பத்து நிமிடம் நடந்ததும் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கி, சோலைக்குள் எங்கேயோ கருமந்தி ஒன்றின் முழக்கமும், அதற்குப் பின் எங்கள் செருமலும் மூச்சும் மட்டுமே கேட்டன.

சரிவு கடுமையானது. ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால் வலிக்கும் என்பதை முதல் முறை வருபவர்கள் யாரும் நம்புவதில்லை, நானும் நம்பவில்லை. ஓரிடத்தில் மணிச்சத்தம் கேட்டதும் வழிகாட்டி எங்களை மேட்டுப் பக்கமாக ஒதுங்கச் சொன்னார். பட்டர் புரூட் மூட்டைகளோடு நான்கு குதிரைகள் மூச்சு வாங்க ஏறி வந்தன. பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்து ஆளைத் தள்ளிவிடும் என்று அவர் அப்புறம்தான் சொன்னார்.

வெள்ளகெவிக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. ஊரையே கோயிலாகக் கருதுகிறார்கள். எல்லையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றியபோது என் காலுறை இரத்தத்தில் ஊறியிருந்தது. கணுக்காலுக்கு மேலே இரண்டு அட்டைகள், ஒன்று குடித்து முடித்துத் திராட்சைப் பழம்போல் உருண்டிருந்தது. நான் பதற்றத்தில் பிடுங்கப் போனபோது, திண்ணையில் இருந்த ஒரு பாட்டி, "பிக்காத அய்யா, புண்ணாயிரும்" என்று சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை விரல் நுனியில் எடுத்துத் தொட்டு வைத்தார். அட்டை சுருண்டு தானாகவே விழுந்தது. அதன் பிறகு கருப்பட்டிக் காப்பி வந்தது. காசு கொடுக்கப் போன நண்பரின் கையைத் தட்டிவிட்டு, உப்பையும் புகையிலையையும் துணியில் கட்டி நனைத்துக் காலில் தடவிக்கொண்டுதான் இந்தப் பாதைக்கு வர வேண்டும் என்று அவர் எங்களைக் கடிந்துகொண்டார்.

அனுமதி, வழிகாட்டி என்றெல்லாம் எதற்கு, காடு எல்லாருக்கும் பொதுதானே என்று வாதிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 23 பேர் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். காய்ந்த புல் எரியும் சரிவில் மேலே ஓடுபவரைவிடத் தீ வேகமாக ஏறும், எந்தப் பக்கம் போனால் தப்பலாம் என்பது அந்த மலையில் பிறந்தவருக்குத்தான் தெரியும். 2024 அக்டோபரில் மாநில அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணையவழி முன்பதிவுக்குத் திறந்து, மலைக்கிராமத்து இளைஞர்களையே வழிகாட்டிகளாக அனுப்பத் தொடங்கியிருக்கிறது. கோடையில் தீ அபாயம் இருக்கும்போது பாதைகளை மூடிவிடுவார்கள் என்பதால், மழை ஓய்ந்த டிசம்பரும் ஜனவரியும் என் கணக்கில் நல்ல மாதங்கள்.

வெள்ளகெவியிலிருந்து அடிவாரத்துக் கும்பக்கரை அருவி வரை இறங்க மேலும் பல மணி நேரம் பிடித்தது. காப்பிச் செடிகள் முடிந்து வெயில் தொடங்கியது, குளிருக்குப் போட்ட ஸ்வெட்டர் இடுப்புக்கு வந்தது, தண்ணீரும் தீர்ந்தது. மாந்தோப்பின் வாசனை வந்த சிறிது நேரத்தில் அருவியில் குளிப்பவர்களின் கூச்சல் கேட்டது. டால்பின் நோஸ் கூட்டத்துக்கும் கும்பக்கரைக் கூட்டத்துக்கும் நடுவே, ஊருக்குள் இருந்தவர்களைத் தவிர்த்து, நாள் முழுவதும் நாங்கள் எதிர்கொண்டது ஏழு மனிதர்களையும் அந்த நான்கு குதிரைகளையும்தான்.